அஞ்சாவது ஏன்

கம்ப்யூட்டர் பொய் சொல்லும் என்பது ஜெயசீலியின் தீர்மானமான கருத்து. 'இதோ முடிந்துவிடும், சற்றுப் பொறுங்கள்' என்று திரையில் எழுதிக் காட்டிவிட்டு அரை நாள் சுற்றிக்கொண்டே இருக்கும். 'வண்டி இப்ப எடுத்துருவோம், ஏறிக் குந்துங்க' என்று சொல்லிவிட்டு டீ குடிக்கப் போகும் பூந்தமல்லி கண்டக்டரை மன்னித்தாலும் மன்னிப்பாள், இதை மன்னிக்கமாட்டாள். திரையைப் பார்த்து அவள் விடும் வசவு பக்கத்து அறைக்காரர்களுக்கும் கேட்கும். கோபக்காரி என்று பெயர் வாங்கியிருந்தாள். அதில் அவளுக்கு வருத்தம் ஒன்றும் கிடையாது. கோபமே வராதவர்களைப் பார்த்தால்தான் அவளுக்குக் கோபம் வரும்.

பிறந்ததும் வளர்ந்ததும் பூந்தமல்லி. ஒரு டிப்ளமாவை முடித்துவிட்டு, திருமழிசை தொழிற்பேட்டையில் கார்களுக்கு ஸ்பிரிங் செய்து கொடுக்கும் சின்னக் கம்பெனியில் டைப்பிஸ்டாகச் சேர்ந்தாள். கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொண்டிருந்த ஆள் ஒருநாள் சொல்லாமல் கொள்ளாமல் நின்றுவிட்டான். மறுநாள் பார்த்து ஆபீஸ் கம்ப்யூட்டர் கண் திறக்க மறுத்தது. எல்லாரும் கையைக் கட்டிக்கொண்டு வேடிக்கை பார்க்க, இவள் மட்டும் அதை வாய்க்கு வந்தபடி திட்டிக்கொண்டே பிடுங்கி, செருகி, சாயங்காலத்துக்குள் எழுப்பிவிட்டாள். அன்றிலிருந்து 'சிஸ்டம் மேடம்'. பட்டம் கிடைத்தது, வேலை இரண்டானது. டைப் அடிக்கிற வேலையையும் அவளிடமிருந்து யாரும் எடுத்துக்கொள்ளவில்லை. சர்ச்சில் பாட்டு வரிகளைத் திரையில் போடும் லேப்டாப் மக்கர் பண்ணினாலும் பாஸ்டர் அவளைத்தான் தேடுவார். ஆராதனைக்கு நடுவில் திட்ட முடியாது என்பதுதான் அங்கே அவளுக்குக் கஷ்டம்.

அந்த வருஷம் முழுக்க அவள் உயிரை எடுத்தது அப்டேட். சிஸ்டத்தைப் புதுப்பிக்கிறேன் என்று அதுவாகவே ஆரம்பிக்கும். இறங்கும், ஏறும், அணைந்து எரியும், வட்டம் வட்டமாகச் சுற்றும். முடியப் போகிறது என்று நாம் மூச்சு விடும் நேரத்தில், 'முடியவில்லை, பழையபடி மாற்றுகிறேன்' என்று கைவிரிக்கும். மறுநாள் காலையில் கொஞ்சமும் வெட்கமில்லாமல் மறுபடியும் ஆரம்பிக்கும். ஒவ்வொரு கம்ப்யூட்டருக்கும் ஒவ்வொரு நோவு. ஒன்றில் ஷிப்டுக்காரர்கள் சினிமாவாக ஏற்றிவைத்து இம்மியும் இடமில்லாமல் செய்திருந்தார்கள். இன்னொன்றில் பாதி இறங்கிய கோப்பு கெட்டுப்போய்க் கிடந்தது. அதைத் துடைத்துவிட்டுப் புதிதாக இறக்க வேண்டியிருந்தது. வேறொன்றில் வைரஸைத் தடுக்கும் காவல்காரனே அப்டேட்டையும் வாசலில் நிறுத்தி வைத்திருந்தான். திட்டிக்கொண்டே ஒவ்வொன்றாகச் சரிசெய்தாள்.

மிச்சம் இருந்தது லேபிள் கம்ப்யூட்டர். ஸ்பிரிங் அடுக்கிய ஒவ்வொரு பெட்டியிலும் தேதியும் நம்பரும் போட்ட லேபிள் ஒட்ட வேண்டும். லேபிள் இல்லாத பெட்டியைச் சரக்கு வாங்கும் கார் கம்பெனி கேட்டுக்குள்ளேயே விடாது. மூன்று ஷிப்டும் அந்தக் கம்ப்யூட்டர் ஓடிக்கொண்டே இருந்ததால் அதன்மேல் கை வைக்க நேரமே கிடைக்கவில்லை. அரைகுறை அப்டேட்டோடு அது நொண்டிக்கொண்டிருந்தது.

மேனேஜர் கிருபாகரனிடம் போய், ஒரு நாள் முழுசாக விட்டுக் கொடுங்கள் என்று கேட்டாள். கிருபாகரன் வேலைக்காகத் திருச்சியிலிருந்து வந்து வானகரத்தில் பிளாட் வாங்கிக் குடியேறியவர். எதைக் கேட்டாலும் முதலில் காலண்டரைப் பார்ப்பார். கம்பெனி ஓடாத நாள் எது என்று யோசித்ததில் ஆயுத பூஜை ஒன்றுதான் அகப்பட்டது. அன்று மதியத்தோடு எல்லா மிஷினும் நிற்கும். மறுநாள் விஜயதசமி, நல்ல நேரம் பார்த்துத்தான் ஓடும். கிருபாகரன் தயங்கினார். ஏதாவது ஆகிவிட்டால் யார் பொறுப்பு என்று கேட்டார். "என்னைக் கேளுங்க சார், நான் பதில் சொல்றேன்" என்றாள் ஜெயசீலி. வீறாப்பாகத்தான் சொன்னாள். தன் வேலையைப் பணயம் வைத்துச் சொல்கிறோம் என்பது அவளுக்குத் தெரியாமல் இல்லை.

ஒரே ஒரு சிக்கல் இருந்தது. அந்தக் கம்பெனியில் ஆயுத பூஜைக்கு ஒரு வழக்கம் உண்டு. மிஷினுக்கெல்லாம் பொட்டு வைத்து, பொரி கடலை படைத்து, கற்பூரம் காட்டி முடித்ததும் முதலாளி ரவிச்சந்திரனே தன் கையால் மெயின் சுவிட்சை இறக்குவார். ஆயுதம் ஓய்வெடுக்கட்டும் என்பது கணக்கு. இறக்கியதை மறுநாள் அவரேதான் ஏற்றுவார். அவர் கை சுவிட்சில் இருக்கும்போது எல்லாரும் கைதட்டுவார்கள், போட்டோ எடுப்பார்கள். போன வருஷப் போட்டோ அவர் அறைச் சுவரில் பிரேம் போட்டுத் தொங்குகிறது. இந்த வருஷம் மட்டும் மிஷின் லைனை இறக்கிவிட்டு ஆபீஸ் லைனை விட்டுவைக்கச் சொல்லுங்கள், நடுவில் கரண்ட் போனால் கம்ப்யூட்டர் படுத்துவிடும், யூபிஎஸ் பேட்டரியும் செத்துக் கிடக்கிறது என்று கிருபாகரனிடம் படித்துப் படித்துச் சொன்னாள். சொல்லிவிடுகிறேன் என்றார். இரண்டு நாள் கழித்து நினைவுபடுத்தினாள். சொல்லிவிட்டேன் என்றார்.

பூஜை அன்று காலையில் கம்ப்யூட்டர்களுக்கெல்லாம் சந்தனம் குங்குமம் வைத்தது ஜெயசீலிதான். வருஷா வருஷம் அவள்தான் வைப்பாள். வேறு யாராவது வைத்தால் திரையெல்லாம் அப்பிவிடுவார்கள், துடைப்பது யார்? சர்ச்சுக்குப் போகிறவள் பொட்டு வைக்கலாமா என்று ஒரு தடவை யாரோ கேட்டதற்கு, திரைக்குத்தானே வைக்கிறேன், எனக்கா வைத்துக்கொள்கிறேன் என்று ஒரு போடு போட்டாள்.

வேண்டாத கோப்புகளைத் துடைத்தாள். லேபிள் விவரங்களை ஒரு பென்டிரைவில் எடுத்து வைத்தாள். அப்டேட்டை ஓட விட்டாள். கீழே பூஜை ஆரம்பித்தபோது அது பாதி தாண்டியிருந்தது. 'கம்ப்யூட்டரை அணைக்காதீர்கள்' என்று அதுவே கெஞ்சிக்கொண்டிருந்தது. இந்த ஒரு வார்த்தையாவது உண்மை என்று நினைத்துக்கொண்டு பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள். மணிச் சத்தம் கேட்டது. கற்பூர வாசனை படியேறி வந்தது. கைதட்டல் எழுந்தது. மின்விசிறி நின்றது. திரை கறுத்தது. யூபிஎஸ் இரண்டு முறை கத்திவிட்டு அடங்கியது.

படியில் தடதடவென்று இறங்கி ஓடினாள். ரவிச்சந்திரன் பட்டுச் சட்டையில், மாலையோடு, சுவிட்சில் கை வைத்தபடி கேமராவைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார். எலக்ட்ரீஷியன் கஜபதி தாம்பாளத்தோடு பக்கத்தில் நின்றான். ஜெயசீலி வாயைத் திறப்பதற்குள் கிருபாகரன் அவளைத் தூணுக்குப் பின்னால் ஓரங்கட்டிவிட்டார். இப்போது போய்ச் சொன்னால் அபசகுனமாக எடுத்துக்கொள்வார், நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று கையைப் பிசைந்தார். சொன்னதாகச் சொன்னீர்களே என்று கேட்டதற்குப் பொரிப் பொட்டலத்தை நீட்டினார். அதை வாங்கி வழியில் பஸ் ஜன்னலுக்கு வெளியே எறிந்துவிடலாமா என்றுகூட அவளுக்குத் தோன்றியது. சாப்பிடுகிற பொருள் என்பதால் எறியவில்லை.

வீட்டுக்குப் போய் ஜெயபாலிடம் கத்தினாள். ஜெயபால் அவள் புருஷன், ஸ்கூல் வேன் ஓட்டுபவன். அவள் கத்தும்போது குறுக்கே பேசக்கூடாது என்று கல்யாணமான புதிதிலேயே கற்றுக்கொண்டவன். முழுசாகக் கேட்டுவிட்டு, "உன் மேல இன்னா தப்பு கீது? வுட்டுத் தள்ளு" என்றான். தப்பு இல்லாததுதான் பயமாக இருக்கிறது என்றாள் அவள்.

மறுநாள் நல்ல நேரத்தில் முதலாளி சுவிட்சை ஏற்றினார். மிஷின்கள் ஓடின. லேபிள் கம்ப்யூட்டர் எழவில்லை. சுற்றியது, தன்னைத் தானே சரிசெய்கிறேன் என்றது, அணைந்தது, மறுபடி சுற்றியது. லாரி பெட்டிகளை ஏற்றிக்கொண்டு லேபிளுக்காக நின்றது. கார் கம்பெனியிலிருந்து போன்மேல் போன். யாரோ அவள் முதுகுக்குப் பின்னால், 'அவங்களுக்கு நம்ம பூஜைன்னா விளையாட்டுதான்' என்றது காதில் விழுந்தது. திரும்பிப் பார்த்தாள். எல்லா முகமும் வேறெங்கோ பார்த்துக்கொண்டிருந்தது. நேற்றுப் பொட்டு வைத்த விரலால் அந்த வாயைக் கிள்ளியிருப்பாள், வாய் எது என்று தெரிந்திருந்தால்.

வேறு ஒரு கம்ப்யூட்டரில் மீட்பு பென்டிரைவ் தயார்செய்து, பாதி ஏறிய அப்டேட்டைக் கழற்றி எறிந்து, எடுத்து வைத்திருந்த விவரங்களைத் திரும்ப ஏற்றி, பொழுது சாயும் நேரத்தில் லேபிள் வெளியே வர வைத்தாள். ஆனால் லாரி நேரத்துக்குப் போய்ச் சேரவில்லை. கார் கம்பெனியில் கார் பூட்டும் வரிசை ஒன்று நின்றுபோனது. இது ஏன் நடந்தது என்று அறிக்கை கேட்டு மெயில் வந்தது.

இந்த அறிக்கையைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். திருமழிசையிலும் அம்பத்தூரிலும் கார் கம்பெனிகளுக்குச் சரக்குக் கொடுக்கிற எந்தப் பட்டறையிலும் இது உண்டு. ஒரு தப்பு நடந்தால் ஏன் என்று கேட்க வேண்டும். வருகிற பதிலுக்கு மறுபடியும் ஏன். இப்படி ஐந்து ஏன், ஐந்து கட்டம். தோண்டிக்கொண்டே போனால் தப்பின் வேர் அகப்படும் என்பது இதைக் கண்டுபிடித்தவர்களின் எண்ணம். நல்ல எண்ணம்தான். நம் ஆட்கள் கையில் அது என்ன ஆயிற்று என்றால், எங்கே ஆரம்பித்தாலும் அஞ்சாவது கட்டத்தில் ஒரு தொழிலாளியின் பெயர் வந்து நிற்கும். 'கவனக்குறைவு. அறிவுரை வழங்கப்பட்டது.' பிறகு அந்த ஆளை வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். டைப் அடிப்பது ஜெயசீலி.

ஆறேழு மாதத்துக்கு முன்னால் அங்கே வந்து நின்ற பெயர் பொன்னியம்மா. பேக்கிங்கில் பெட்டிக்கு லேபிள் ஒட்டுகிறவள். அரைகுறை அப்டேட் ஒன்றில் லேபிள் கம்ப்யூட்டருக்குள் தேதி தலைகீழாகிவிட்டது. நாள் இருக்கிற இடத்தில் மாதம், மாதத்தின் இடத்தில் நாள். அதை ஒட்டி அனுப்பியது பொன்னியம்மா என்பதால், கவனிக்காமல் ஒட்டினாள் என்று அஞ்சாவது கட்டத்தில் எழுதச் சொன்னார்கள். கம்ப்யூட்டர்மேல்தான் தப்பு என்று ஜெயசீலி சண்டை போட்டுப் பார்த்தாள். கம்ப்யூட்டருக்கு அறிவுரை வழங்க முடியாதே என்றார் கிருபாகரன். ரெண்டு மாசம் வீட்டில் இரு, கூப்பிடுகிறோம் என்று பொன்னியம்மாவிடம் சொன்னார் முதலாளி. இன்றுவரை கூப்பிடவில்லை. அந்த ஆத்திரத்தில்தான் அப்டேட்டை ஒழுங்காக ஏற்றாமல் விடுவதில்லை என்று ஜெயசீலி கங்கணம் கட்டிக்கொண்டதே.

அன்று ராத்திரி டீ நேரத்தில் கஜபதி வந்து பக்கத்தில் நின்றான். "நா பாத்துகினுதான் இருந்தேம்மா. ஆனா கேட்டா சொல்லமாட்டேன். பொண்ணுக்குக் கல்யாணம் வச்சிகீறேன்" என்று தரையைப் பார்த்துச் சொன்னான். அவன்மேல் கோபப்படக்கூட அவளுக்கு மனசு வரவில்லை. அதுவே இன்னும் கோபமாக இருந்தது.

மறுநாள் காலையில் ஆபீஸ் ஆட்களையெல்லாம் ரவிச்சந்திரன் மேல்மாடியில் இருந்த தன் அறைக்குக் கூப்பிட்டார். யார் காரணம் என்று கேட்டார். கேட்டவர் தலைக்கு மேலேதான் அந்தப் போட்டோ தொங்கியது. எல்லாரும் அதைத் தவிர மற்ற எல்லாவற்றையும் பார்த்தார்கள். பூஜை அன்று அப்டேட் போட்டதுதான் பிரச்சினை என்று கிருபாகரன் இழுத்தார். போட்டது யார் என்றார் முதலாளி. நான்தான், கரண்ட் போகாமல் இருந்திருந்தால் ஒன்றும் ஆகியிருக்காது என்றாள் ஜெயசீலி.

"கரண்ட் ஏன் போச்சு?" என்று கேட்டார் ரவிச்சந்திரன்.

இத்தனை பேருக்குத் தெரிந்த ஒன்றைச் சொல்ல ஒருவருக்கும் வாய் இல்லை என்பதை ஜெயசீலி பார்த்தாள்.

"நீங்க இறக்கினீங்க சார்."

ரவிச்சந்திரன் மற்றவர்களைப் போகச் சொன்னார். கதவு மூடியது. கத்துவார் என்று நினைத்தாள். கத்தவில்லை. மேஜைமேல் இருந்த பேனாவை நேராக வைத்தார்.

"எனக்குத் தெரியாதாம்மா? என் கைதானே இறக்குச்சு. கிருபா போன வாரமே சொல்லிட்டான். வருஷா வருஷம் இறக்கறது, ஒரு கம்ப்யூட்டருக்காக அதை விட்டுற முடியுமா? படுத்தா நீ எழுப்பிடுவேன்னு நினைச்சேன்."

கிருபாகரன் சொல்லாமல் விட்டுவிட்டார் என்று இரண்டு நாளாக மனதுக்குள் அவரைத் திட்டித் தீர்த்திருந்தாள். அந்த மனுஷன் சொல்லியிருக்கிறார். சொன்ன பிறகும் இவர் இறக்கியிருக்கிறார்.

"அப்புறம் எதுக்கு சார் யார் காரணம்னு கேட்டீங்க?"

"யார் சொல்றாங்கன்னு பார்க்கறதுக்குக் கேக்கல. யார் ஏத்துக்கறாங்கன்னு பார்த்தேன்" என்றார் அவர், சாதாரணமாக. பிறகு தணிந்த குரலில் விளக்கினார். அஞ்சாவது கட்டத்தில் முதலாளி பெயரைப் போட்டு அனுப்ப முடியாது, ஆர்டரே போய்விடும். உன் பெயரைப் போட்டுக்கொள். ரெண்டு மாசம் வீட்டில் இரு, கூப்பிடுகிறேன்.

பொன்னியம்மாவுக்குச் சொன்ன அதே வார்த்தை. சுருதிகூட மாறவில்லை.

ஜெயசீலி ஒரு மாடி இறங்கித் தன் இடத்தில் வந்து உட்கார்ந்தாள். முதல் நாலு கட்டத்தையும் உள்ளது உள்ளபடி அடித்தாள். அஞ்சாவதுக்கு வந்ததும் கொஞ்சம் நிறுத்தினாள். இந்த வேலை போனால் வேனில் வருகிற சம்பளத்தை வைத்துக் குடும்பம் நடத்த முடியாது. இன்னொரு கம்பெனியில் போய் நின்றால், ஏன் நின்றீர்கள் என்று முதல் கேள்வியே அதுதான். எல்லாம் தெரிந்துதான் அடித்தாள். 'அப்டேட் நடக்கிறது என்று முன்கூட்டியே தெரிந்தும் நிறுவனத்தின் உரிமையாளர் திரு. ரவிச்சந்திரன் மெயின் சுவிட்சை இறக்கினார்.' கீழே, எடுத்த நடவடிக்கை என்ற இடத்தில் வழக்கமாக அடிக்கிற வரியையே அடித்தாள். 'கவனக்குறைவு. அவருக்கு அறிவுரை வழங்கப்பட்டது.' முதலாளிக்கும் கிருபாகரனுக்கும் ஒரு நகல் போகும்படி வைத்து, கார் கம்பெனிக்கு அனுப்பிவிட்டாள்.

டிபன் பாக்ஸை எடுத்துப் பைக்குள் வைத்தாள். கிருபாகரன் வெளுத்த முகத்தோடு வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போய்விட்டார். மேல்மாடியில் நாற்காலி நகரும் சத்தம் கேட்டது. அந்த நேரத்தில் கார் கம்பெனியிலிருந்து பதில் வந்து விழுந்தது. அவள் திறந்தாள்.

'கிடைத்தது. திருப்தி. விஷயம் முடிக்கப்பட்டது.'

இரண்டாவது முறை படித்தாள். பிறகு பழைய மெயில்களில் தேடி, பொன்னியம்மா அறிக்கைக்கு வந்த பதிலை எடுத்தாள். கிடைத்தது, திருப்தி, விஷயம் முடிக்கப்பட்டது. அதற்கு முந்தியதை எடுத்தாள். அதிலும் அதே நாலு வார்த்தைதான். கட்டம் ஐந்தும் நிரம்பியிருக்கிறதா என்று மட்டும் அங்கே பார்த்திருக்கிறார்கள். உள்ளே என்ன எழுதியிருக்கிறது, யார் பெயர் இருக்கிறது என்று ஒருவரும் படித்ததில்லை. ஒரு தடவைகூடப் படித்ததில்லை.

ரவிச்சந்திரன் கையில் போனோடு இறங்கி வந்தார். வரும்போது சிவந்திருந்த முகம் பாதிப் படியிலேயே தெளிந்துவிட்டது. பதிலை அவரும் பார்த்துவிட்டார். கிட்டே வந்ததும் சிரித்தேவிட்டார்.

"இவனுங்க படிக்கறதே இல்ல போலிருக்கே. நான் வேற ஆர்டர் போயிடுமோன்னு பயந்துட்டேன். சரி, போகட்டும். நீ எங்கயும் போக வேணாம். பையை வச்சிட்டு வேலையைப் பாரு."

வேலை தப்பிவிட்டது. அதற்கு நிம்மதிதான் வந்திருக்க வேண்டும். வரவில்லை. பூஜை அன்று வந்த கோபம், அறையில் வந்த கோபம் எல்லாம் ஒன்றுமே இல்லை என்கிற மாதிரி ஒரு கோபம் ஏறியது. ஜெயசீலி எழுந்து நின்றாள்.

"அப்ப பொன்னியம்மாவை எதுக்கு சார் வீட்டுக்கு அனுப்பினீங்க?"

அவர் சிரிப்பு நின்றது. போனைப் பார்த்தார், சத்தம் கேட்டுக் கூடிவிட்ட ஆட்களைப் பார்த்தார். கஜபதிகூட அப்போது தலை குனியவில்லை.

"அப்ப... இவங்க படிக்கறதில்லன்னு தெரியாதேம்மா."

"இப்பத் தெரிஞ்சிருச்சே சார்" என்றாள் அவள்.

உட்காரு, உட்கார்ந்து பேசலாம் என்று ரவிச்சந்திரன் கை காட்டினார். ஜெயசீலி உட்காரவில்லை. அவர் பதில் சொல்லும்வரை உட்காருவதாக அவளுக்கு உத்தேசமும் இல்லை.